ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்குப் பிறகு வயிற்றுப்போக்கு: மலப் பரிசோதனையா, பயாப்ஸியா, உடனே ஸ்டீராய்டா?

தம்பிக்கு ஸ்டெம் செல் ஏற்றி 38-ஆவது நாள். ரத்த அணுக்களின் கவுன்ட் ஏறிவிட்டது, அடுத்த வாரம் வார்டை விட்டு, பக்கத்தில் எடுத்திருந்த வாடகை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். அன்று ராத்திரி பதினொரு மணிக்கு மோஷன் ஆரம்பித்தது. விடிவதற்குள் ஏழு தடவை. பச்சையாக, வெறும் தண்ணீராக. நர்ஸ் அக்கா கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து, “எத்தனை தடவைன்னு மட்டும் எழுதாதீங்க, ஒவ்வொரு தடவையும் அளந்து எழுதுங்க” என்றார். காலை எட்டு மணிக்குக் கூட்டிப் பார்த்தால் 1,150 மில்லி.

ரவுண்ட்ஸில் டாக்டர் மூன்று வழி சொன்னார். மலத்தையும் ரத்தத்தையும் டெஸ்டுக்கு அனுப்பிவிட்டு முடிவு வரும்வரை காத்திருக்கலாம். குடலுக்குள் கேமரா விட்டுச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கலாம், அதுதான் பயாப்ஸி. இல்லையென்றால் ஜி.வி.எச்.டி. (கொடையாளியின் செல்கள் நோயாளியின் உடம்பைத் தாக்குவது) என்றே வைத்துக்கொண்டு இன்றைக்கே ஸ்டீராய்டு தொடங்கலாம். “வீட்லயும் பேசிட்டுச் சொல்லுங்க” என்று சம்மதப் படிவத்தைக் கையில் கொடுத்தார். என்ன பேசுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அதே மாதிரி படிவத்தோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்த பலரைப் பார்த்துவிட்டேன். போன் செய்து கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. முடிவை உங்கள் மாற்று சிகிச்சைக் குழுவோடு பேசித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பேச்சுக்குக் கொஞ்சம் தயாராகப் போகலாம், அவ்வளவுதான்.

## குழப்பம் எங்கிருந்து வருகிறது

வேறொருவரின் ஸ்டெம் செல் ஏற்றியவருக்கு, கொடையாளியின் நோய் எதிர்ப்பு செல்கள் குடலை அந்நியமாக நினைத்துத் தாக்கலாம். அதுதான் ஜி.வி.எச்.டி. அதே காலத்தில் எதிர்ப்பு சக்தி தரைமட்டத்தில் இருப்பதால் வைரஸ்களும் குடலில் புகுந்துகொள்ளும்: சைட்டோமெகலோ வைரஸ் எனப்படும் சி.எம்.வி., அடினோ வைரஸ், நோரோ வைரஸ், ரோட்டா, ஆஸ்ட்ரோ, சப்போ வைரஸ்கள். இரண்டிலும் வயிற்றுப்போக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். வயிற்றுவலி, வாந்தி, சில சமயம் ரத்தம் என்று எல்லாமே இரண்டுக்கும் பொது.

ஆனால் வைத்தியம் நேர் எதிர். ஜி.வி.எச்.டி.க்கு எதிர்ப்பு சக்தியை இன்னும் அமுக்க வேண்டும். வைரஸுக்கோ, இருக்கிற எதிர்ப்பு சக்தியைக் காப்பாற்ற வேண்டும். ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றொன்றை வளர்த்துவிடும். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் அபூர்வமில்லை.

சி.எம்.வி. வெளியிலிருந்து வர வேண்டும் என்றுகூட இல்லை. நம் நாட்டில் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் உடம்பில் அது சின்ன வயதிலேயே வந்து தூங்கிக்கொண்டிருக்கிறது. மாற்று சிகிச்சை அதை எழுப்பிவிடுகிறது. “நாங்க யாரையும் உள்ளே விடலையே, எப்படி வந்துச்சு?” என்று குற்ற உணர்ச்சியில் அழுத ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை.

தன் சொந்த ஸ்டெம் செல்லையே திரும்ப ஏற்றிக்கொண்டவர்களுக்கு ஜி.வி.எச்.டி. பயம் பெரும்பாலும் கிடையாது. அவர்களுக்கு முதல் வழியே பொதுவாகப் போதும். அதேபோல முதல் இரண்டு மூன்று வாரத்தில் வரும் வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் அதற்கு முன் கொடுத்த கீமோவே காரணம். அப்புறம், மருந்துப் பட்டியலையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். எதிர்ப்பு சக்தியை அமுக்கும் மைக்கோஃபெனொலேட், மெக்னீசியம் மாத்திரை, ஆன்டிபயாடிக் என்று வயிற்றைக் கலக்குகிற மருந்துகள் அதிலேயே இருக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

எனக்கு உதவிய அளவுகோல்கள் இவை. இந்த வழியில் எது கண்ணில் படாமல் தப்பும்? பதில் வர எவ்வளவு நேரமாகும்? கணிப்பு தப்பானால் என்ன நடக்கும், அதைத் திருத்த முடியுமா? அந்த வழியிலேயே இருக்கிற ஆபத்து என்ன? கடைசியாக, பில்லில் வராத செலவு என்ன?

மூன்றாவது கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது. அவசரத்தில் அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

## வழி 1: மலம், ரத்தம் பரிசோதித்துவிட்டுக் காத்திருப்பது

இதில் உடம்பில் ஊசி முனை அளவுக்கு மேல் எதுவும் படுவதில்லை. ஒரே சாம்பிளில் இருபதுக்கும் மேற்பட்ட கிருமிகளைத் தேடும் மலப் பி.சி.ஆர். பேனல் இருக்கிறது. மெஷினில் வைத்தால் ஒரு மணி நேரச் சொச்சத்தில் பதில் வந்துவிடும். லேபுக்குப் போய் வரும் நேரத்தைச் சேர்த்து அன்றைக்கோ மறுநாளோ கையில் கிடைக்கும். நோரோ, ரோட்டா, ஆஸ்ட்ரோ, சப்போ எல்லாம் அதில் தெரியும்.

இதன் பலவீனம் ரிப்போர்ட்டைப் பார்த்தால் தெரியாது. ‘நெகட்டிவ்’ என்று வந்ததும் “அப்ப வைரஸ் இல்லை” என்று நாங்கள் நிம்மதியானோம். ஆனால் இந்தப் பேனல்களில் சி.எம்.வி. கிடையாது. அடினோ வைரஸ் என்று எழுதியிருந்தாலும், பரவலாகப் பயன்படும் பேனலில் அது 40, 41 என்ற இரண்டு வகைகளை மட்டும்தான் குறிக்கும். அவை ஊரில் குழந்தைகளுக்குப் பேதி உண்டாக்கும் வகைகள். மாற்று சிகிச்சை பெற்றவர்களைப் படுத்துகிற அடினோ வைரஸ்கள் பல சமயம் வேறு வகையைச் சேர்ந்தவை. எனவே “பேனல் நெகட்டிவ்” என்றால், “எல்லா வகை அடினோவுக்கும் தனி பி.சி.ஆர். அனுப்பினீர்களா?” என்று கேளுங்கள். குழந்தைகளுக்கும், பாதிப் பொருத்தமுள்ள கொடையாளியிடமிருந்து பெற்றவர்களுக்கும் இது ரொம்ப முக்கியம். மலத்தில் அடினோ அளவு ஏறுவதுதான் ரத்தத்தில் அது வரப்போகிறது என்பதற்கு முன்னறிவிப்பு; அளவைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் மையங்களும் உண்டு.

ரத்தத்தில் சி.எம்.வி. பார்ப்பது வாராவாரம் நடப்பதுதான். அதிலும் ஒரு பொறி இருக்கிறது: குடலில் சி.எம்.வி. நோய் இருக்கும்போதே ரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம்.

பாசிட்டிவ் வந்தாலும் கதை முடியாது. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் நோரோ வைரஸை மாதக்கணக்கில் மலத்தில் வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள். இன்றைய வயிற்றுப்போக்குக்கு அதுதான் காரணமா, பழைய நோரோவோடு புது ஜி.வி.எச்.டி.யா என்று மலம் சொல்லாது.

பில்லில் வராத செலவு நாட்கள்தான். ஒரு நாளைக்கு 300 மில்லி போகிறவருக்கு இரண்டு நாள் காத்திருப்பது ஒன்றுமில்லை. 1,500 மில்லி போகிறவருக்கு அதே இரண்டு நாளில் பொட்டாசியம், ஆல்புமின், கிட்னி எல்லாம் சரியும்.

## வழி 2: உள்ளே பார்த்துத் துணுக்கு எடுப்பது

எண்டோஸ்கோபி என்றதும் ஒரு ராத்திரி முழுக்கப் பேதி மருந்து, முழு மயக்கம் என்று பயப்படுகிறோம். பல நேரங்களில் மலக்குடலையும் அதை ஒட்டிய கடைசிப் பகுதியையும் மட்டும் பார்க்கும் சிக்மாய்டோஸ்கோபி போதும். அதற்கு எனிமா மட்டும்தான். பெரியவர்களுக்கு மயக்கம்கூடத் தேவைப்படாமல் போகலாம். தம்பிக்கு இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். அங்கே யோசனை வேறு.

உள்ளே பார்க்க நன்றாகத் தெரிகிற குடலிலும் துணுக்கு எடுக்க வேண்டும். கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும் இடத்திலேயே மைக்ராஸ்கோப்பில் ஜி.வி.எச்.டி. அகப்படும். புண் இருந்தால் அங்கிருந்தும் எடுப்பார்கள். சி.எம்.வி. திட்டுத் திட்டாக உட்காரும், ஒரே துணுக்கில் தவறிப்போகலாம்.

இதில் என் மனதில் ஆழமாகப் பதிந்தது பேத்தாலஜி டாக்டர் பொறுமையாகச் சொன்ன ஒரு விஷயம். ஜி.வி.எச்.டி.யின் முத்திரை, குடல் சுரப்பிக் குழிகளில் செல்கள் ஒவ்வொன்றாகச் செத்து உதிர்ந்திருப்பது. ஆனால் சி.எம்.வி.யும் அடினோவும் மைக்கோஃபெனொலேட் மாத்திரையும்கூட அதே அடையாளத்தை விட்டுப்போக முடியும். சாதாரண சாயம் மட்டும் போட்டுப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியலாம். சி.எம்.வி. புகுந்த செல் பெருத்து, ஆந்தைக் கண் மாதிரி நடுவில் கறுப்புப் புள்ளியோடு நிற்கும் என்கிறார்கள். அது எப்போதும் கிடைப்பதில்லை. வைரஸ் புரதத்தைத் தேடும் தனிச் சாயம் போட வேண்டும். பயாப்ஸிக்குச் சம்மதிக்கும்போதே “சி.எம்.வி., அடினோ ரெண்டுக்கும் சாயம் போடுவீங்களா?” என்று கேட்டுவிடுங்கள்.

தம்பியின் ரிப்போர்ட்டில் இரண்டும் இருந்தன. ஜி.வி.எச்.டி. அடையாளமும், சாயத்தில் ஒளிர்ந்த நாலைந்து சி.எம்.வி. செல்களும். அன்றைக்கு ரத்தப் பி.சி.ஆர். சுத்தமாக நெகட்டிவ். வழி 1-ஐ மட்டும் நம்பியிருந்தால் அந்த நாலைந்து செல்கள் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆபத்து பெரும்பாலும் ரத்தக்கசிவுதான். பிளேட்லெட் 50,000-க்கு மேல் இருக்க வேண்டும் என்று பொதுவாகப் பார்ப்பார்கள். தம்பிக்கு 31,000. வாட்ஸ்அப் குரூப்பில் கெஞ்சி, என் அலுவலகத் தோழர் ஒருவர் காலை ஆறு மணிக்கே வந்து எஸ்.டி.பி. (ஒரே கொடையாளியிடமிருந்து எடுக்கும் பிளேட்லெட்) கொடுத்தார். பில்லில் வராத செலவு என்றால் இதுவும்தான்: பிளேட்லெட் பை, கொடையாளியைத் தேடும் அலைச்சல், சாயத்துக்குத் தனிக் கட்டணம். மேல் குடலில், அதாவது டியோடினத்தில் துணுக்கு எடுத்தால் சுவருக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம் இவர்களுக்குக் கூடுதல், குழந்தைகளுக்கு இன்னும் கூடுதல். வாந்தியும் குமட்டலும் முக்கியத் தொந்தரவாக இருந்தால் மேலேயும் பார்க்க வேண்டியிருக்கும். அப்போது இரைப்பையில் எடுத்தால் போதுமா, டியோடினம் கட்டாயமா என்று கேட்கலாம்.

ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை என்ன கொடுப்பார்கள் என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

## வழி 3: ஜி.வி.எச்.டி. என்றே வைத்து உடனே ஸ்டீராய்டு

இந்த வழியை அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். குடல் ஜி.வி.எச்.டி. சூடுபிடித்தால் வேகமாக மோசமாகலாம். வழக்கமான அளவு, ஒரு நாளைக்குக் கிலோ எடைக்கு 2 மில்லிகிராம் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. லேசான நிலையில் பாதி அளவோடு தொடங்குவதும், குடலுக்குள் மட்டும் வேலை செய்கிற பியூடெசோனைடு சேர்ப்பதும் உண்டு. தோலில் தடிப்பு, ரத்தத்தில் பிலிருபின் (மஞ்சள் காமாலையில் கூடும் நிறப்பொருள்) ஏற்றம் இவையும் சேர்ந்து வந்திருந்தால் ஜி.வி.எச்.டி. என்ற கணிப்பு நல்ல பலம் பெறும்.

கணிப்பு தப்பானால்? வைரஸுக்குக் கதவைத் திறந்துவிட்டது போல. இரண்டு நாளிலேயே தெரிந்தால் மருந்தை வேகமாகக் குறைத்துவிடலாம். சிக்கல் அதற்கு அடுத்த படியில்தான். ஸ்டீராய்டு தொடங்கி மூன்று நாளில் மோசமானாலோ, ஒரு வாரத்தில் அசையாவிட்டாலோ “ஸ்டீராய்டுக்கு அடங்காத ஜி.வி.எச்.டி.” என்று பெயர் விழும், ருக்சோலிட்டினிப் மாதிரி அடுத்த கட்ட மருந்து வரும். உண்மையில் அது அடினோவாகவோ சி.எம்.வி.யாகவோ இருந்தால், மருந்துக்கு அடங்காமல் இருப்பதில் ஆச்சரியமே இல்லை. ஒவ்வொரு படியிலும் எதிர்ப்பு சக்தி இன்னும் கீழே போகும். ஆகவே வழி 3-இல் போனவர்களுக்கு நான் சொல்வது: மருந்தைக் கூட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை துணுக்கு எடுக்கச் சொல்லி வற்புறுத்துங்கள்.

பெரிய ஆய்வு ஒன்றிலேயே இந்தத் தடுமாற்றம் நடந்திருக்கிறது. சி.எம்.வி. வராமல் தடுக்க பிரின்சிடோஃபோவிர் என்ற மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மாத்திரையே வயிற்றுப்போக்கு உண்டாக்கக் கூடியது. மருந்து எடுத்த குழுவில் ஜி.வி.எச்.டி. என்று கணிக்கப்பட்டு ஸ்டீராய்டு பெற்றவர்கள் அதிகம். 24-ஆவது வாரத்தில் பார்த்தால் சி.எம்.வி. தொற்று, வெற்று மாத்திரை எடுத்த குழுவைவிடக் குறைந்திருக்கவில்லை. மருந்தின் பக்கவிளைவை ஜி.வி.எச்.டி. என்று எடுத்துக்கொண்டு ஸ்டீராய்டு கொடுத்ததும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே விளக்கினார்கள். அனுபவசாலிகளின் கண்ணுக்கே இது தப்புகிறது என்றால் நாம் கேள்வி கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | மலம், ரத்தம் | பயாப்ஸி | உடனே ஸ்டீராய்டு |
|---|---|---|---|
| பதில் வரும் நேரம் | அன்றே அல்லது மறுநாள் | 2–3 நாள் | பலன் தெரிய 3–7 நாள் |
| எது தப்பும் | குடலில் மட்டும் இருக்கும் சி.எம்.வி., பல அடினோ வகைகள், ஜி.வி.எச்.டி. | திட்டுத் திட்டான சி.எம்.வி.; நோரோவுக்கு மலமே வேண்டும் | எல்லா வைரஸும் |
| தானே தரும் ஆபத்து | ஏறக்குறைய இல்லை | ரத்தக்கசிவு, மயக்க மருந்து | தொற்று, சர்க்கரை ஏற்றம், தசை பலவீனம் |
| தப்பானால் | நாட்கள் வீண் | பெரும்பாலும் திரும்ப எடுக்கலாம் | திருத்துவது கடினமாகிக்கொண்டே போகும் |
| மறைந்த செலவு | காத்திருக்கும் நாட்களின் டிரிப்ஸ், அட்மிஷன் | பிளேட்லெட், சாயம், கொடையாளி தேடல் | பின்னால் வரும் தொற்றுக்கான மருந்துகள் |

## யாருக்கு எது

ஒரு நாள் அளவு 500 மில்லிக்குக் கீழே, ரத்தம் இல்லை, ஆள் சாப்பிடுகிறார் என்றால் வழி 1 போதும். பெரியவர்களுக்கு 500 மில்லியிலிருந்துதான் குடல் ஜி.வி.எச்.டி.யின் முதல் படிநிலையையே எண்ணுகிறார்கள். குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 10 மில்லி. அதனால்தான் அந்த ஜாடியும் நோட்டும். சிறுநீர் கலக்காமல் அளப்பது முக்கியம். நான் முதல் நாள் அதைக் கவனிக்கவில்லை.

500-ஐத் தாண்டிவிட்டது, பிளேட்லெட்டை ஏற்றிவிட முடியும், ஆள் தாங்குவார் என்றால், என் மனது வழி 2 பக்கம்தான். வழி 1-ஐ அதோடு சேர்த்தே செய்ய வேண்டும்.

1,500 மில்லிக்கு மேல், அல்லது ரத்தமாகப் போகிறது, தாங்க முடியாத வயிற்றுவலி என்றால் ஸ்டீராய்டைத் தள்ளிப்போட முடியாது. அங்கேயும் காலையில் துணுக்கு எடுத்துவிட்டுச் சாயங்காலம் முதல் ஊசி என்று வரிசை அமைக்க முடியுமா என்று கேளுங்கள். எங்களுக்கு 1,150-க்கே அப்படித்தான் செய்தார்கள். மூன்று வழி என்று சொன்னாலும் கடைசியில் மூன்றும் ஒரே நாளில், சரியான வரிசையில் நடந்தன. பிளேட்லெட் எவ்வளவு ஏற்றினாலும் நிற்காதவருக்கும், மயக்க மருந்து தாங்காத குழந்தைக்கும் வழி 3-ஐத் தவிர வேறு இல்லாமல் போகலாம். அவர்களுக்கு மலத்தில் அடினோ அளவும் ரத்தத்தில் சி.எம்.வி. அளவும் வாரம் இரண்டு தடவையாவது பார்ப்பார்களா என்று பேசிக்கொள்வது நல்லது.

## வைரஸ் என்று தெரிந்த பிறகு

சி.எம்.வி.க்கு கான்சிக்ளோவிர் ஊசி. தம்பிக்கு மூன்றாம் நாள் அதைச் சேர்த்தார்கள். வயிறு அடங்க இரண்டு வாரம் ஆனது. அதன் விலை, வெள்ளணு. பத்தாவது நாள் கவுன்ட் விழுந்து, மறுபடி தினமும் கவுன்ட் ஏற்றும் ஊசி போட்டார்கள். அப்படி விழுந்தால் ஃபாஸ்கார்னெட் என்று மாற்று உண்டு, அது கிட்னியைப் பாதிக்கும். மாத்திரையாக வால்கான்சிக்ளோவிர் மலிவாகவும் வசதியாகவும் தோன்றும். ஆனால் தண்ணீராகப் போகிற குடல் மாத்திரையை எவ்வளவு உறிஞ்சும் என்று நம்ப முடியாது, அதனால்தான் ஊசியில் தொடங்குகிறார்கள். அடினோவுக்கு சிடோஃபோவிர், அதுவும் கிட்னிக்குக் கடுமையானது, டிரிப்ஸும் புரோபெனசிட் மாத்திரையும் கூடவே வேண்டும்.

நோரோவுக்கு நிரூபணமான மருந்தே இல்லை. நைட்டாசோக்சனைடு கொடுத்துப் பார்ப்பார்கள். எதிர்ப்பு சக்தியை அமுக்கும் மருந்தைக் குறைக்க முடிந்தால் குறைப்பார்கள், மீதி எல்லாம் நீர்ச்சத்தும் பொறுமையும். இங்கே ஒரு விஷயம் வீட்டிலும் முக்கியம்: கையில் தடவும் ஆல்கஹால் சானிடைசர் நோரோவைச் சரியாகக் கொல்லாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். கழிப்பறைக்கு 5 சதவீதச் சோடியம் ஹைப்போகுளோரைட்டை லிட்டருக்கு 20 முதல் 100 மில்லி வரை கலந்து துடைக்கலாம். நோயாளியை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்யுங்கள்.

வாடகை வீட்டுக்கு வந்த மறுவாரம் எங்கள் அக்கா கைக்குழந்தையோடு பார்க்க வந்தாள். ஆறாவது வாரத் தடுப்பூசியோடு ரோட்டா சொட்டு மருந்து அப்போதுதான் போட்டிருந்தார்கள். அது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ். சில வாரம் குழந்தையின் மலத்தில் வெளியேறும். குழந்தைக்குக் கட்டாயம் போட வேண்டிய சொட்டுதான், நிறுத்தக் கூடாது. டயப்பரை மட்டும் தம்பி நான்கு வாரம் தொடக்கூடாது என்று வார்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்கா டயப்பரை மாற்றி, கவரில் கட்டி வெளியே போட்டுவிட்டு, சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகுதான் குழந்தையை வாங்கித் தம்பி மடியில் வைத்தோம்.